பாதியில் நின்ற பாட்டு

(மாணவர் விடுதி வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் இங்கே வந்த தோழர் பஞ்சமி நிலம் பற்றிப் பேசினார். அடுத்த மாதம் வருகிறவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசப் போகிறார். ரெண்டுக்கும் நடுவில் என்னைக் கூப்பிட்டு, 'நீங்க கவிதை எழுதுறவரு, கொஞ்சம் லேசா பேசுங்கண்ணே, சின்ன வயசுல கேட்ட பாட்டு பத்திப் பேசுங்களேன்' என்று சொல்லிவிட்டார்கள். ஒத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு லேசான விசயமாகத் தெரியவில்லை. நிலம் யார் கையில் இருந்தது என்று கேட்கிறோம். பாட்டு யார் கையில் இருந்தது, அதை நாம் எங்கே நின்று கேட்டோம் என்பதையும் கேட்கத்தானே வேண்டும்?

நான் வங்கியில் எழுத்தர். எங்கள் கிளையில் யாராவது ஓய்வு பெற்றால் பிரிவுபசார விழாவில் கட்டாயம் பாட்டு இருக்கும். கரோக்கி போட்டு மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எண்பதுகளின் பாட்டு, தொண்ணூறுகளின் பாட்டு. பாடி முடித்ததும் யாராவது ஒருவர் கண் கலங்கிப் போய், 'அதெல்லாம் பொற்காலம் சார். அப்ப சாதி மதமெல்லாம் யாரு பாத்தா? எல்லாரும் ஒரே பாட்டக் கேட்டோம். இசைதான் சார் நம்மள ஒண்ணு சேத்துச்சு' என்பார். நானும் கைதட்டுவேன். அந்தப் பாட்டு எனக்கும் உயிர். ஆனால் கைதட்டிக்கொண்டே எனக்குள் ஒரு கேள்வி ஓடும். எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்டது உண்மைதான். ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டோமா?

அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன். தத்துவமாகச் சொல்ல எனக்கு வராது. ஒரு கேசட்டின் கதையைச் சொல்கிறேன்.

நான் 1987-இல் பிறந்தவன். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். ஊர் வேறு, காலனி வேறு. நடுவில் ஒரு வாய்க்கால். எங்கள் தெருவில் முதலில் டேப்ரெக்கார்டர் வாங்கியது என் பெரியப்பா மகன், அண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். 1999 தீபாவளிக்கு வரும்போது தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட்டு. அதுவரை எங்களுக்குப் பாட்டு என்றால் ஊர்ப் பக்கமிருந்து காற்றில் வருவதுதான். காற்று திரும்பினால் பாட்டும் திரும்பிவிடும். அன்றைக்கு முதல்முறையாகப் பாட்டு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தது.

உங்களுக்குக் கேசட் தெரிந்திருக்காது. அறுபது நிமிசக் கேசட் என்றால் ஏ பக்கம் அரை மணி, பி பக்கம் அரை மணி. டவுனில் ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் பதிந்து வைத்திருப்பார்கள். உள்ளே அட்டையில் கடைக்காரர் கையெழுத்தில் பாட்டு வரிசை இருக்கும். எங்கள் பெயரைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்காத கடை. தெருவில் கிடைக்காத மரியாதை டவுன் கடையில் காசு கொடுத்தால் கிடைத்தது. அண்ணனுக்கு அந்தக் கடையை அவ்வளவு பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பேட்டரிக் கட்டை தீர்ந்தால் புதிது வாங்கக் காசு இருக்காது. பழசை வெயிலில் காயவைத்துப் போட்டால் இன்னும் ரெண்டு பாட்டு ஓடும். கேசட்டைப் பின்னால் சுற்ற மெசினைப் போட்டால் கட்டை வீணாகும் என்று பேனாவைப் பல்சக்கரத்தில் விட்டுக் கையாலேயே சுற்றுவோம். நாடா சிக்கினால் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் எடுப்பார். இந்த வயதிலும் எனக்குப் பாட்டு என்றால் அந்த நாடாவின் மணம்தான்.

அந்த முதல் கேசட்டின் வரிசையை அண்ணனும் நானும் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து போட்டோம். அண்ணனுக்கு இளையராஜா தவிர வேறு யாரும் கிடையாது. ஏ பக்கம் முழுக்க அவர்தான். எனக்குப் பன்னிரண்டு வயது, ரகுமான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். பி பக்கத்தில் ரகுமான் நாலு, தேவா ரெண்டு என்று சமரசமானது. எல்லாம் முடிந்த பிறகு அக்கா வந்து நின்றது. எனக்கு ஆறு வயது மூத்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். 'எனக்கு ஒரே ஒரு பாட்டுடா' என்றது. ஸ்வர்ணலதா பாடியது. கோடைப் பண்பலை 100.5-இல் எப்போதோ ஒருநாள் கேட்டிருக்கிறது. ஏ பக்கத்தில் கடைசியாக எழுதிச் சேர்த்தோம்.

கேசட் வந்தது. ஏ பக்கத்தில் இடம் போதவில்லை. அக்கா பாட்டு பாதியில், ஒரு சொல்லின் நடுவில், 'டக்' என்று நின்றுவிடும். நாங்கள் சிரித்தோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்த அரைப் பாட்டையே வேலை செய்யும்போது பாடிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் நாடா நிற்குமோ அந்த இடத்தில் அதுவும் நிறுத்திவிடும். ஆம்பிளைகள் ரெண்டு பேர் ரெண்டு பக்கத்தையும் பங்கு போட்டுக்கொண்டு, மிச்சம் விழுந்ததைப் பொம்பளைக்குக் கொடுத்தோம். சாதியைப் பற்றிப் பேச வந்தவன் இதையும் சொல்லாமல் போகக் கூடாது. பாட்டில் கூட நமக்குக் கீழே ஒருத்தரை வைத்திருந்தோம்.

இப்போது ஊர்ப் பக்கம் வருகிறேன். டீக்கடையில் ரேடியோ பாடும். பெஞ்சு ஊர்க்காரர்களுக்கு. நமக்குத் தனி டம்ளர், அதுவும் கூரைக்கு வெளியில். என் நினைவில் உள்ள நல்ல பாட்டுகள் பாதி நான் நின்றுகொண்டு கேட்டவை. பாட்டுக்குத் தீட்டு கிடையாது, அது கூரையைத் தாண்டி வந்துவிடும். அதைக் கேட்ட காது எங்கே நிற்கலாம் என்பதற்குத்தான் தீட்டு இருந்தது.

திருவிழா வந்தால் புளியமரத்தில் குழாய் கட்டுவார்கள். நாலு குழாயில் ஒன்று எங்கள் காலனியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். 1992 தீபாவளிக்கு வந்த படம் 'தேவர் மகன்'. அதன் பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் சாதிப் பெருமிதக் கீதமாக ஆக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். 2023-இல் 'மாமன்னன்' இசை வெளியீட்டு விழா மேடையில் அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியை இயக்குநர் மாரி செல்வராஜ் பேசினார். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் புளியமரம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டுக்கு இசை யார்? எங்கள் ஏ பக்கம் முழுக்க இருந்தாரே, அவரேதான். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடி, 1976-இல் 'அன்னக்கிளி' வழியாகத் தமிழ்நாட்டின் காதையே திருப்பிப் போட்ட மனிதர். தன்னைச் சாதி அடையாளத்தோடு பார்ப்பதை அவர் விரும்பியதில்லை. அது அவர் உரிமை. ஆனால் எங்கள் தெருவில் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லாமலே நெஞ்சில் வைத்திருந்தோம். திருவிழா ராத்திரியில் அதே மனிதரின் இசை மிரட்டலாக எங்களைப் பார்த்து வரும். அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். பாட்டு ஒரு கத்தி மாதிரி. செய்தவர் கையில் அது இருப்பதில்லை. யார் எடுத்து எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதில் இருக்கிறது.

அந்த வருசம் தைப்பொங்கலுக்கு அண்ணன் மறுபடி வந்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் சைக்கிள் ஹேண்டில்பாரில் டேப்பை மாட்டிக்கொண்டு, பாட்டைப் போட்டபடி ஊர்த்தெரு வழியாக டவுனுக்குக் கிளம்பினார். பின்னால் கேரியரில் நான். சாவடிக்கு முன்னால் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'எறங்குடா' என்றார்கள். இறங்கினோம். அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை கூட இல்லை. அதில் ஒருத்தர் கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டுவிட்டு, 'நல்லாத்தான்டா போட்டுருக்க' என்றார். அப்புறம், 'பெட்டிய இங்க வச்சுட்டுப் போ. காலைல வந்து வாங்கிக்க' என்றார்.

வைத்துவிட்டு வந்தோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

அன்று ராத்திரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் கேசட் ஓடியதைக் கேட்டோம். ஏ பக்கம், பி பக்கம், மறுபடி ஏ பக்கம். நாங்கள் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து போட்ட வரிசை. அது எங்கள் கேசட்தானா என்று யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால் அதுவும் தீர்ந்தது. அக்கா பாட்டு வந்தது. பாதியில் 'டக்' என்று நின்றது. இருட்டில் அக்கா, 'நம்மதுதான்' என்றது.

காலையில் டேப் கிடைத்தது. பேட்டரிக் கட்டை தீர்ந்திருந்தது. கேசட் இல்லை. 'அது இருக்கட்டும், நல்லாருக்கு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு ரொம்ப நாள் வரை ஊர் டிராக்டர் ஒன்று போகும்போது அந்த அரைப் பாட்டு கேட்கும்.

தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். அவர்கள் பாட்டை வெறுக்கவில்லை. நாங்கள் ரசித்ததையே ரசித்தார்கள். எங்கள் ரசனையைப் பாராட்டவும் செய்தார்கள். ஒரே பாட்டு, ஒரே வரிசை, ஒரே இடத்தில் நிற்கும் நாடா. இசை எல்லாரையும் ஒன்று சேர்க்கும் என்றால் அன்று ராத்திரி அந்த வாய்க்கால் தூர்ந்திருக்க வேண்டும். தூரவில்லை. ஒரே ருசி இருந்தால் சாதி போய்விடும் என்பது பொய். ருசி சாதியைத் தாண்டிப் போகும், வரும். அதிகாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால்தான் 'இசைக்குச் சாதி இல்லை' என்று யாராவது சொன்னால் நான், 'சரிங்க, பெட்டிக்கு?' என்று கேட்க நினைக்கிறேன்.

இதுவரை அவர்களைப் பற்றிச் சொன்னேன். இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம்.

எங்கள் தாத்தா பறையடிப்பவர். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி, காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார். இடது கையில் சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. ஊர்ச் சாவு என்றால் நடுராத்திரி கூட ஆள் வரும். வா என்றால் வர வேண்டும், கொடுத்ததை வாங்க வேண்டும். அப்பா தலைமுறை வளர்ந்து வந்தபோது தெருக்கூட்டம் போட்டு, இனிமேல் ஊர்ச் சாவுக்குப் பறையடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ சேரிகளில் இதே முடிவை எடுத்தார்கள், அடியும் வாங்கினார்கள். சரியான முடிவு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. தாத்தாவும் ஏற்றுக்கொண்டார். பறை மோட்டுவளையில் ஏறியது. ஆனால் கயிற்றுக்கட்டிலில் படுத்திருக்கும்போது அவர் விரல் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். நாங்கள் கேசட்டைப் போட்டுவிட்டு, 'தாத்தா, தட்டாதீங்க, பாட்டு கேக்கல' என்போம்.

கல்லூரி விடுதியில் ராத்திரி ராத்திரியாகப் பாட்டைப் பற்றிப் பேசினோம். யார் மேதை, யார் காப்பி என்று சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் நான் தேவாவைக் கிண்டல் செய்த ஆள். 'கானாவெல்லாம் ஒரு இசையாடா' என்று கேட்ட ஆள். இளையராஜாவில் சிம்பொனியைத் தேடிப் பிடித்துப் பேசுவேன். அவருடைய பாட்டுகளிலேயே பறையும் தவிலும் எங்கே வருகிறது என்று ஒருநாளும் பேசியதில்லை. 'உங்க தாத்தா என்ன பண்ணாருடா?' என்று ஒருத்தன் கேட்டான். 'விவசாயம்' என்றேன். ஒரு குழி நிலம் கிடையாது எங்களுக்கு.

ரசனைக்குள்ளும் ஒரு ஏணி இருக்கிறது தோழர்களே. மேலே ராகம், கீழே கூத்து, அதற்கும் கீழே சாவுமேளம், கானா. அந்த ஏணியை யாரோ என் தலையில் கொண்டுவந்து வைக்கவில்லை. நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

2011-இல் வேலை கிடைத்து வடசென்னைக் கிளைக்குப் போனேன். அறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. ராத்திரி முழுக்க உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையன்கள் கானா பாடினார்கள். செத்தவரின் பெயர், அவர் இழுத்த வண்டி, பட்ட கடன், அவர் சொன்ன ஜோக்கு எல்லாம் பாட்டில் வந்தது. எங்கள் அப்பத்தாவின் ஒப்பாரி இதே வேலையைத்தான் செய்யும். தூக்கம் வராமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மறு வருசம் பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி' வந்தது. சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடினார். தியேட்டரில் பக்கத்து சீட்டுப் பையன் எழுந்து நின்று ஆடினான். விடுதியில் நான் கிண்டல் செய்த தேவாவின் கானாக்கள் அப்போதுதான் எனக்குள் வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தன.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. சாதி பேதமற்றவர்கள் என்று நம்மை அழைக்கச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்த பெயர். கிடாரும் டிரம்ஸும் நிற்கிற மேடையில் பறை நின்றது. கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு கானா பாடினார்கள். சுற்றிலும் கைதட்டல். நான் கைதட்டவில்லை. தாத்தாவின் கட்டில் சட்டம்தான் கேட்டது. அவர் 2006-லேயே போய்விட்டார். அவர் அடித்ததில் ஒரு நிமிசம் கூட எந்தக் கேசட்டிலும் இல்லை. எங்கள் வீட்டில் டேப் இருந்தது, காலிக் கேசட் இருந்தது, பதிவுப் பொத்தான் சிவப்பாக இருந்தது. நாங்கள் அழுத்தவில்லை.

ஆனால் இந்த வேலையை 2018-இல்தான் ஆரம்பித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். வெண்மணியில் 1968-இல் 44 பேரைக் கொளுத்தினார்களே, அந்த நெருப்பிலிருந்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடினார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். சாவுக்கு அடி என்று சொன்னதால் கீழே வைத்த பறையை, விடுதலைக்காக அவர்கள் மறுபடி எடுத்தார்கள். வைத்ததும் கலகம், எடுத்ததும் கலகம். எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் ஒரு பஸ் தூரம். நான் போய்ப் பார்க்கவில்லை. பாட்டு வரிசை எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அந்தக் கேசட்டை வெறுக்க வேண்டுமா? இல்லை. அந்தப் பாட்டுகளை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்துக் கேட்ட பாட்டு அது. எங்கள் அண்ணன் பனியன் கம்பெனியில் நின்று சம்பாதித்த காசு அது. பழைய பாட்டைக் கேட்டு ஏங்குவது குற்றமில்லை. இடத்தை அழித்துவிட்டுப் பாட்டை மட்டும் நினைப்பதுதான் குற்றம். 'பொற்காலம்' என்கிறவர்கள் செய்வது அதுதான். நாம் பாட்டோடு வாய்க்காலையும் சேர்த்து நினைக்க வேண்டும். டம்ளரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

உங்களிடம் ரெண்டு வேலை கேட்கிறேன். ஒன்று, உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதை முதலில் எங்கே நின்று கேட்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நின்றீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா, பெட்டி யாருடையது, யார் நிறுத்தச் சொன்னது என்று எழுதுங்கள். ரெண்டாவது, எல்லார் பையிலும் போன் இருக்கிறது. லீவுக்குப் போகும்போது ஆத்தாவையும் தாத்தாவையும் உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். நடவுப்பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு, கட்டிலில் தட்டுகிற தாளம், எதுவானாலும். தரம் பார்க்காதீர்கள். நாங்கள் அழுத்தாத பொத்தானை நீங்கள் அழுத்துங்கள்.

முடித்துக்கொள்கிறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணனும் வந்திருந்தார். அந்தக் கேசட்டின் வரிசையை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் போனில் வரிசையாகப் போட்டேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்தது. ஸ்வர்ணலதா 2010-இல், 37 வயதில் இறந்துபோனார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அக்காவும் கூடவே முணுமுணுத்தது. அந்த இடம் வந்தது. இப்போது நாடா இல்லை, பாட்டு நிற்காமல் ஓடியது. அக்கா நிறுத்திவிட்டது.

'பாடுக்கா' என்றேன்.

'இதுக்கு மேல எனக்குத் தெரியாதுடா' என்றது.